கப்பலில் இருந்த துபாஷி
தமிழ்ப்பள்ளி ஆங்கில வகுப்பில் கடலோடிகளின் கதை

ஆங்கிலப் புத்தகத்தில் 'புகழ்பெற்ற நாடுகாண் பயணிகள்' என்று ஒரு பக்கம் வந்தால் அதில் நால்வர் தவறாமல் இருப்பார்கள்: மார்க்கோ போலோ, கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மகெல்லன். சில புத்தகங்களில் ஐந்தாவதாகக் கேப்டன் குக். ஆளுக்கு ஒரு படம், பிறந்த ஆண்டு, புறப்பட்ட துறைமுகம், கீழே கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி. சுங்கை பூலோவில் ஆண்டு 4 படிக்கும் தமிழ்ப் பிள்ளை அதைச் சரியாகவே நிரப்பிவிடும். ஆனால் அந்த நால்வரில் இருவர் மலாக்கா நீரிணையைக் கண்டவர்கள் என்பதும், அவர்களில் ஒருவர் மலாக்காவைத் தாக்கிய படையில் சிப்பாயாக இருந்தவர் என்பதும் தெரியாமலே பாடம் முடிந்துவிடும்.

இக்கட்டுரை அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள, ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்குக் கடலோடிகளின் கதையை யாரை வைத்துச் சொல்வது, எந்தச் சொற்களால் சொல்வது? இது வரலாற்று ஆசிரியரின் வேலை என்று ஆங்கில ஆசிரியர் ஒதுங்க முடியாது. மொழி வகுப்பில் பத்து முறை உரக்கச் சொன்ன வாக்கியம் பிள்ளையிடம் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது.

முதலில் நம் பிள்ளைகளின் நிலை. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோடு மலாய், கடைத்தெருவில் மூன்றும் கலந்த பேச்சு. ஆங்கிலத்துக்கு வாரத்தில் ஒதுக்கப்படும் நேரம் தமிழ், சீனப் பள்ளிகளில் தேசியப் பள்ளிகளைவிடக் குறைவு. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. சில ஆண்டுகளில் கல்வி அமைச்சு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. பிறகு ஐரோப்பியப் பொது அளவுகோலுக்கேற்ப ஆங்கிலப் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, 2018இல் ஆண்டு 1, ஆண்டு 2 பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்நியச் சூழல், அந்நியப் பெயர்கள் என்று அப்போதே ஆசிரியர்களும் பெற்றோரும் குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது. எனினும் புத்தகம் அந்நியமானது என்பதற்காகப் பாடமும் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் ஒழிந்தபின் ஆசிரியருக்குக் கையைக் காலை நீட்டக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 2014 முதல் ஆண்டு 4லிருந்தே வரலாறு தனிப்பாடமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அதைத் தமிழிலேயே படிக்கிறார்கள். பரமேஸ்வரா யார், மலாக்கா ஏன் செழித்தது, போர்த்துக்கீசியர் எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தமிழில் தெரியும். கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து வலியுறுத்தி வருவது இதைத்தான்: ஒரு மொழியில் உறுதியாகப் புரிந்துகொண்டது இன்னொரு மொழிக்கும் கூடவே வந்துவிடும், புதிதாகக் கற்க வேண்டியது அதற்கான சொற்களை மட்டுமே. லிஸ்பனும் செவிலும் பிள்ளைக்கு இரட்டைச் சுமை, ஊரும் புதிது, மொழியும் புதிது. மலாக்கா என்றால் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது.

இதுவரை உலகில் இந்தப் பாடத்தை நடத்திய வழிகளைப் பார்த்தால், பழையது வீரர் வரலாறு. பிரிட்டனின் லேடிபேர்ட் பதிப்பகம் வெளியிட்ட 'வரலாற்றுச் சாகசங்கள்' வரிசை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கம் வண்ணப்படம், எதிர்ப்பக்கம் எளிய ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தின் தெளிவை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பார்வையில் கப்பலில் வருபவருக்குப் பெயர் இருக்கும், கரையில் நிற்பவருக்கு இருக்காது. அடுத்தது தகவல் அட்டை: பெயர், நாடு, ஆண்டு, கண்டது. திருத்துவதற்குச் சுலபம் என்பதைத் தவிர அதில் வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது செயல்வழி: தரையில் வரைபடம் விரிப்பது, கப்பல் நாட்குறிப்பு எழுதுவது, மாலுமியாக நடிப்பது. இதில் பிள்ளைகள் பேசுகிறார்கள். அதுவே பெரிய காரியம். நான்காவது அண்மைக் காலத்து மறுபார்வை: கொலம்பஸ் வீரர் அல்லர், கொடுமைக்காரர் என்று சொல்வது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருநூறு ஆங்கிலச் சொல் மட்டும் தெரிந்த பிள்ளையிடம் தலைகீழான தீர்ப்பை ஒப்புவிக்கச் சொன்னால், முன்பு ஒப்புவித்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நான் சொல்ல வருவது வேறொரு வழி. கப்பலில் கேப்டனை விட்டுவிட்டுத் துபாஷியைத் தேடுங்கள்.

இரு மொழி அறிந்தவர் என்ற பொருளில் 'துபாஷி' என்ற சொல் நம் வழக்கில் நெடுங்காலம் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஒவ்வொரு பெரிய பயணத்திலும் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் கேப்டன் ஊமை. மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற ஒருவர் அந்தக் கப்பலில் இருந்தார் என்று காட்ட இதைவிட நேரான வழி இல்லை.

மகெல்லனையே எடுத்துக்கொள்வோம். 1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கின் படை மலாக்காவைப் பிடித்தபோது மகெல்லன் அதில் இருந்தார். அங்கிருந்து ஓர் இளைஞனை அடிமையாகக் கொண்டுபோனார். அவனுக்கு என்ரிக் என்று பெயர் வைத்தார்கள். 1519 ஆகஸ்டில் எழுதிய உயிலில் மகெல்லன் அவனை மலாக்காவில் பிறந்தவன், ஏறத்தாழ 26 வயது என்று குறிக்கிறார். தாம் இறந்தால் அவனுக்கு விடுதலையும் பத்தாயிரம் மரவேதிப் பணமும் தர வேண்டும் என்கிறார். உடன் சென்ற பிகாஃபெட்டாவோ அவன் சுமத்ராக்காரன் என்று எழுதுகிறார். அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டன. 1521 மார்ச் 28 அன்று, இன்றைய பிலிப்பைன்சின் ஒரு தீவருகே படகில் வந்தவர்களிடம் என்ரிக் மலாயில் குரல் கொடுத்தான். அவர்களுக்குப் புரிந்தது. கிழக்கிலிருந்து மேற்கே கொண்டுபோகப்பட்டவன், மேலும் மேற்கே போய்த் தன் மொழி வழங்கும் உலகத்துக்கே திரும்பியிருந்தான். பூமி உருண்டை என்பது அன்று ஒரு பேச்சுமொழியால் உறுதியானது.

இதற்கு மேலான ஆங்கிலப் பாடம் எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 27 அன்று மக்தானில் மகெல்லன் கொல்லப்பட்டார். உயிலின்படி என்ரிக்குக்குக் கிடைக்க வேண்டிய விடுதலை கிடைக்கவில்லை. புதிய தலைவர்கள் அவனை மிரட்டி வேலை வாங்கினார்கள். மே 1 அன்று செபுவில் நடந்த விருந்தில் ஸ்பானியர் பலர் கொல்லப்பட்டபின் அவனைப் பற்றிய செய்தி நின்றுபோகிறது. 1522 செப்டம்பரில் 'விக்டோரியா' என்ற ஒரே கப்பல் 18 பேரோடு ஸ்பெயின் திரும்பியது. என்ரிக் ஊர் திரும்பியிருந்தால் உலகை முதலில் சுற்றியவன் அவன்தான். திரும்பினானா என்பதற்குச் சான்றில்லை. மலாய் எழுத்தாளர் ஹாருன் அமினுர்ரஷித் 1950களில் 'பங்லிமா அவாங்' என்ற நாவலில் அவனுக்கு மலாய்ப் பெயரும் வீரமும் கொடுத்தார். அது நாவல். வகுப்பில் நாவலை நாவலென்றும் உயிலை உயிலென்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். "ஒருவேளை", "இருக்கலாம்" என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க என்ரிக்கைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான். சான்றில்லாத இடத்தில் 'மேபி' என்று சொல்லப் பழகும் பிள்ளை மொழியையும் வரலாற்றையும் ஒருசேரக் கற்கிறது.

மற்றவர்களையும் பாருங்கள். 1492இல் கொலம்பஸ் லூயிஸ் தெ தோரெஸ் என்ற துபாஷியை அழைத்துப்போனார். ஹீப்ருவும் அராமைக்கும் கொஞ்சம் அரபும் அறிந்தவர். கியூபாவின் உட்பகுதிக்கு அனுப்பினார்கள். ஒரு சொல்லும் அங்கே செல்லவில்லை. எந்த நாட்டுக்கு வந்தோம் என்று தெரியாதவர் எந்த மொழியை எடுத்துப்போவது? 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் முதலில் கரையிறக்கியது ஒரு தண்டனைக் கைதியை. அங்கே அவனை எதிர்கொண்டவர்கள் ஸ்பானிய மொழி தெரிந்த இரண்டு துனீசியர்கள். 'கண்டுபிடிக்கப்பட்ட' ஊரில் ஐரோப்பிய மொழி பேசுவோர் ஏற்கெனவே இருந்தார்கள். 1769இல் குக்கின் கப்பலில் ஏறிய துப்பாயா ராயத்தேயா தீவுக்காரர். நியூசிலாந்தில் மாவோரிகளோடு பேச முடிந்தது அவரால்தான். அடுத்த ஆண்டு பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், நோயால் இறந்தார்.

கிழக்கே திரும்பினால் நமக்கு இன்னும் நெருக்கமானவர்கள் கிடைக்கிறார்கள். கி.பி. 671இல் குவாங்சௌவிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி யீஜிங் நேராக இந்தியாவுக்குப் போகவில்லை. ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகே கெடா வழியாகப் பயணம் தொடர்ந்தது. மொழி கற்ற பின்தான் பயணம் என்று முடிவுசெய்த அந்தத் துறவியின் பெயர் நம் ஆங்கிலப் புத்தகங்களில் இல்லாதது எனக்கு வருத்தம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் 1413 முதல் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மா ஹுவான், மலாக்காவையும் கோழிக்கோட்டையும் பார்த்து எழுதி வைத்தார். அந்தச் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911இல் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. ஆறு நூற்றாண்டுக்கு முன் சீனப் பேரரசு இந்தக் கடலில் பேச விரும்பியபோது தேர்ந்தெடுத்த மூன்று மொழிகளில் ஒன்று நம் பிள்ளை வீட்டில் பேசும் மொழி. இதை எந்தப் பிள்ளையிடமும் சொல்லிப் பாருங்கள், முதுகு நிமிரும்.

மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லாவைக் கடலோடி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவரும் இந்த வரிசைக்குரியவர். யேமன், தமிழ் வேர்கள் கொண்ட குடும்பம். தமிழை முறையாகப் படித்தவர், ராஃபிள்சிடம் எழுத்தராக இருந்தவர், ஆங்கிலேயருக்கு மலாய் கற்பித்தவர். 1838இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடல்வழி சென்று அந்தப் பயணத்தை எழுதினார். ஆசிரியர் ஒருவர் பயணியாகவும் எழுத்தாளராகவும் ஆன கதை அது.

இனி மொழிக்கூறுகள். கடலோடிகளின் கதை முழுக்க இறந்தகாலம். மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. 'சுடா' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் 'ஹீ கோ ஆல்ரெடி' என்கிறார்கள். ஆனால் அவர்களின் தமிழ் காலம் காட்டும் மொழி: போகிறான், போனான், போவான். அதை நினைவூட்டினால் பாதி வேலை முடிந்தது. எதிர்மறையில் தமிழ் இன்னும் உதவும். 'ஹீ டிடின்ட் வென்ட்' என்ற பிழை நம் ஊரில் பெரியவர்கள் வாயிலும் வருகிறது. 'போனான்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. காலம் காட்டாத 'போக' அங்கே வந்து நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே 'டிடின்ட்' வந்ததும் வினை தன் வெறும் வடிவத்துக்குத் திரும்புகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் ஆகாது. ஆங்கில வகுப்பில் தமிழ் வாயில் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை இழக்கிறார்கள்.

ஆண்டுகளை வாசிப்பது இன்னொரு தடை. 1511 தமிழில் ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று; மலாயிலும் ஆயிரம், நூறு என்றே அடுக்கு. ஆங்கிலம் மட்டும் இரண்டாக உடைத்து 'ஃபிஃப்டீன் இலெவன்' என்கிறது. 1509 என்றால் நடுவில் ஓர் 'ஓ' முளைக்கிறது. உச்சரிப்பில் 'லேண்டட்' என்பதற்கு ஓர் அசை கூடும். 'ரீச்ட்', 'செய்ல்ட்' என்பவற்றுக்குக் கூடாது. பிள்ளைகள் மூன்றையும் ஒரே மாதிரி இழுப்பார்கள். வரைபடத்தின்மேல் காகிதக் கப்பலை நகர்த்திக்கொண்டே சொல்லவைத்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான சொல் 'டிஸ்கவர்'. தமிழில் 'கண்டுபிடித்தார்' என்ற ஒரே சொல்லை எடிசனுக்கும் கொலம்பசுக்கும் போடுகிறோம். தொலைந்த பேனாவைக் கண்டுபிடிப்பதற்கும் அதுவேதான். ஆகவே தமிழ்ப் பிள்ளையின் காதில் கொலம்பஸ் அமெரிக்காவை உண்டாக்கியவர் போலவும் விழுகிறது. ஆங்கிலத்தில் சென்றடைவதற்கு, கரையிறங்குவதற்கு, வாணிகம் செய்வதற்கு, கைப்பற்றுவதற்கு, வரைபடம் தீட்டுவதற்கு எனத் தனித்தனி வினைகள் உண்டு. ஒவ்வொரு பயணிக்கும் பொருந்தும் வினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அல்புகர்க் மலாக்காவை 'ரீச்' செய்தாரா, 'கான்கர்' செய்தாரா? இந்த ஒரு வினைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் வாதாடுவார்கள். மறுபார்வைக்காரர்கள் விரும்பும் நேர்மை ஒரு வினைச்சொல்லின் வழியாக, தீர்ப்பு எதுவும் திணிக்காமலே வந்துவிடும்.

அந்த நேர்மை நம் பக்கமும் நீள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் கடலோடி என்றதும் இராஜேந்திர சோழன் பெயர் எழும். 1025 அளவில் அவன் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஊர் ஊராகப் பட்டியலிடுகிறது. அரிய கடற்பயணம்தான், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அல்புகர்க்குக்குப் போட்ட வினைச்சொல்லையே அவனுக்கும் போட வேண்டும். மலாய், சீன நண்பர்களோடு வளரும் பிள்ளை இதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். வாள் ஏந்தாமல் வந்தவர்களைக் காட்ட வேண்டுமானால், சுமத்ராவின் பாரூசில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டிய ஐந்நூற்றுவர் வணிகக் குழு இருக்கிறது.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது? மூன்று பேர் போதும். கேப்டனுக்கு ஆங்கிலம் மட்டும் தெரியும். தீவுக்காரருக்குத் தமிழ் மட்டும் தெரியும். நடுவில் துபாஷி. கேப்டனுக்குத் தண்ணீர் வேண்டும். தீவுக்காரருக்கு இவர்கள் ஏன் வந்தார்கள் என்று தெரிய வேண்டும். துபாஷிக்கு வேர்த்துவிடும், சிரிப்பும் வரும். பிறகு ஆள் மாற்றலாம். ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் புரியும்படி எடுத்துச்சொல்வதை ஐரோப்பிய அளவுகோலே ஒரு தனித்திறனாகக் கணக்கிடுகிறது. 2018இல் வந்த அதன் துணைநூல் இதற்கென விரிவான படிநிலைகளை வகுத்தது. ஆகவே பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறோமே என்று ஆசிரியர் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகூடத் தீவுக்காரராக முழுவதும் பங்கெடுக்கலாம்.

நூல் வாங்கப் பணமில்லாத பள்ளிக்கும் சுங்கை பூலோவில் வழி உண்டு. எம்ஆர்டியில் ஏறிக் குவாசா டமன்சாராவில் மாறினால் தேசிய அருங்காட்சியகத்தின் வாசலிலேயே இறங்கலாம். மலாக்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போகிறவர்கள், 1511இல் கொள்ளைப் பொருளோடு சுமத்ரா அருகே மூழ்கிய 'ஃப்ளோர் தெ லா மார்' கப்பலின் மாதிரிக்குள் ஏறிப் பார்க்கிறார்கள். அங்கே என்ரிக்கை நினைவுபடுத்த ஆசிரியர் இருந்தால் போதும்.

அதைவிடப் பக்கத்தில் ஒரு பயணக் கதை இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி வகுத்தார். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில்தான் இருந்தது. நாம் ஆர்ஆர்ஐ என்று சொல்லும் அந்த இடத்தில் இன்று குவாசா டமன்சாரா நகரம் எழுகிறது. அமேசான் முதல் கித்தாக் காடு வரை வந்த அந்த விதையின் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் கொள்ளுத்தாத்தாக்கள். அவர்கள் எதையும் கண்டுபிடித்ததாக யாரும் எழுதவில்லை. ஆனால் தெரியாத கடலைக் கடந்தார்கள், தெரியாத மொழிக்கு நடுவே பிழைத்தார்கள்.

நம் காலத்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை முதலில் நட்டவர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். 2007இல் விண்வெளிக்குப் போன ஷேக் முஸாஃபர் அதற்கு முன் ரஷ்யாவில் பயிற்சி பெற்றார். நால்வர் படமுள்ள அந்தப் பக்கத்தில் ஐந்தாவது கட்டமாக இவர்களை ஒட்டிக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்ஆர்ஐ தோட்டத்தில் மரம் வெட்டிய, மங்கு கழுவிய பாட்டிகளும் தாத்தாக்களும் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் அவர்களில் ஒருவரிடம் அனுப்புங்கள். எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்திலிருந்து குடும்பம் வந்தது, இறங்கியபோது முதலில் கற்ற மலாய்ச் சொல் எது என்று தமிழில் கேட்டு, ஐந்தே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதி வரட்டும். அந்தத் தாள்களை வகுப்புச் சுவரில் மகெல்லனின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.